ஒரு கிலோ கல்லில் எத்தனை லிட்டர்?

கிங்ஸ் சர்க்கிள் பூங்காவைச் சுற்றியிருக்கும் பழைய கட்டடங்களில் பல வீடுகளுக்கு இப்போது சிலிண்டர் வருவதில்லை. அடுப்பு வரைக்கும் குழாயிலேயே எரிவாயு வந்துவிடுகிறது. 1995-இல் மகாநகர் கேஸ் நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு மும்பையில் மெல்லப் பரவிய ஏற்பாடு இது. அந்தக் குழாய்களில் ஓடுவதில் ஒரு பங்கு நகரத்துக்கு மேற்கே, அரபிக் கடலின் அடியிலிருந்து வருகிறது. 1974 பிப்ரவரியில் கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி, ‘சாகர் சம்ராட்’ என்ற துளை மேடை எண்ணெயைத் தொட்டது. மும்பை ஹை என்று நாம் சொல்லும் வயல் அதுதான்.

அந்த வயலில் எண்ணெயும் வாயுவும் தங்கியிருப்பது சுண்ணாம்புப் பாறையின் துளைகளில். உண்டான இடம் வேறு. சுண்ணாம்புப் பாறைக்குக் கீழே, டெக்கான் எரிமலைப் பாறைக்கு மேலே, ஐந்தாறு கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த பன்னா அடுக்கு இருக்கிறது. அதிலுள்ள கரிய களிப்பாறைதான் மூலம். அங்கே உருவான வாயு விரிசல்களின் வழியே மேலேறி, வசதியான பாறையில் வந்து தேங்கியது. மரபான எண்ணெய்த் தொழில் முழுவதும் இப்படிக் குடிபெயர்ந்து வந்த வாயுவைத் தேடும் தொழில். பிறந்த களிப்பாறையை விட்டு வெளியேறாமல் அங்கேயே சிக்கிக்கொண்ட வாயுவுக்குத்தான் ஷேல் வாயு என்று பெயர்.

ஷேல் என்பது மிக நுண்ணிய சேறு இறுகி, ஏடு ஏடாகப் பிளக்கும் கல்லாக ஆனது. மும்பைக்குள்ளேயே அதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. வொர்லிப் பக்கத்தில், இரண்டு எரிமலைக் குழம்பு ஓட்டங்களுக்கு நடுவே அகப்பட்ட ஏரிப் படிவுகளில் சின்னஞ்சிறு தவளைகளின் முழு எலும்புக்கூடுகள் கிடைத்தன. 1847-இல் ரிச்சர்ட் ஓவன் அவற்றை விவரித்தார். இன்றைய பெயர் இண்டோபட்ராக்கஸ். தவளையின் எலும்பு கலையாமல் கிடந்தது என்றால், அந்த ஏரியின் அடிச்சேற்றில் பிராணவாயு மிகக் குறைவாக இருந்திருக்க வேண்டும். பாசியும் இலையும் அழுகித் தீராமல் சேற்றோடு புதைவதற்கும் அதே நிலைமைதான் தேவை. அப்படிப் புதைந்த உயிர்ப்பொருள் கெரோஜென் என்ற கரையாத கரும்பொருளாகிறது. பூமிக்குள் ஆழம் போகப் போக வெப்பம் ஏறி, கெரோஜென் உடைந்து எண்ணெயும் பிறகு வாயுவும் தருகிறது. வொர்லிப் படிவு மெல்லியது, போதிய ஆழத்துக்கும் போகவில்லை. அங்கே யாரும் வாயு தேட மாட்டார்கள். ஆனால் கரிய ஷேல் எப்படிப்பட்ட இடத்தில் உண்டாகிறது என்பதற்கு அது பக்கத்திலிருக்கும் சான்று.

இனி எண்களுக்கு வருவோம். இந்தியாவின் ஷேல் வாயு பற்றிப் பேசியவர்கள் அள்ளித் தந்த எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போனதே இல்லை. அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் 2011-இல், தொழில்நுட்ப ரீதியாக எடுக்கக்கூடியது 63 லட்சம் கோடி கன அடி என்றது. இரண்டே ஆண்டில் அதை 96 ஆக்கியது. ஆறு படுகைகளின் ஒரு பகுதியை மட்டும் பார்த்த சுரங்கத் திட்டமிடல் நிறுவனமான சிஎம்பிடிஐ, பாறையில் இருப்பது 45 என்றது. பொதுத்துறை எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி ஐந்து படுகைகளுக்கு 187.5 என்றது. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையோ மூன்று படுகைகளைப் பார்த்துவிட்டு, எடுக்கக்கூடியது 6.1 லட்சம் கோடி கன அடி மட்டுமே என்றது. சிலர் கணக்கிட்டது பாறைக்குள் இருப்பதை, சிலர் கணக்கிட்டது வெளியே எடுக்க முடிவதை. படுகைகளும் வேறு வேறு. அதையெல்லாம் கழித்த பிறகும் இடைவெளி பெரிதாகவே நிற்கிறது. காரணம் எளிமையானது. இந்த எண்களில் பெரும்பாலானவை, அந்தந்த ஷேலைப் போதுமான இடங்களில் வெட்டியெடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும் முன்பே பிறந்தவை. நாம் கல்லைப் பார்க்கும் முன் தொகையைச் சொல்லிவிட்டோம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பு, 100 மீட்டர் தடிமன் கொண்ட ஷேல். கன மீட்டருக்கு இரண்டரை டன் எடை என்று வைத்தால் மொத்தப் பாறை 25 கோடி டன். ஒரு டன்னில் 2 கன மீட்டர் வாயு இருந்தால் மொத்தம் 50 கோடி கன மீட்டர். டன்னுக்கு 2 கன மீட்டர் என்பதும் கிலோவுக்கு 2 லிட்டர் என்பதும் ஒன்றே. ஆய்வுக்கூட மேசையில் ஒரு கிலோ கல்லிலிருந்து வரும் வாயுவை அரை லிட்டர் தவறாக அளந்துவிட்டால், அந்த ஒரு சதுர கிலோமீட்டரிலேயே 12.5 கோடி கன மீட்டர் பிசகும். படுகையின் பரப்பு ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர். அரை லிட்டர் பிழை எங்கே போய் முடியும் என்று பாருங்கள்.

அந்த அரை லிட்டரைச் சரியாக அளப்பது ஏன் கடினம் என்பதில்தான் இந்தத் துறையின் உயிரே இருக்கிறது.

கிணறு தோண்டும்போது, நடுவில் துளையுள்ள வெட்டுமுனையால் பாறையை உருளையாக அறுத்து மேலே கொண்டுவருகிறார்கள். தொழிலில் இதற்குப் பெயர் கோர். கையில் பிடிக்கும் அகலம், சில மீட்டர் முதல் பல பத்து மீட்டர் வரை நீளம். இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் பெரும் அழுத்தத்தில் இருந்த கல் மேலே ஏற ஏற அழுத்தம் குறைகிறது. வாயு தப்பிக்கத் தொடங்குகிறது. மாட்டுங்கா பூக்கடைச் சந்தில் மல்லிகை மூட்டையைப் பிரிப்பதற்குள் மணத்தில் ஒரு பங்கு வழியிலேயே போயிருக்கும் அல்லவா, அதே கதைதான். கிணற்றடியிலேயே காத்திருக்கும் ஆய்வாளர்கள் கோர் துண்டை உடனே எஃகுக் குடுவைக்குள் அடைத்து மூடி, அது பூமிக்குள் இருந்த அதே வெப்பத்தில் நீர்த்தொட்டியில் வைக்கிறார்கள். கசிந்து வரும் வாயுவை முதலில் சில நிமிடங்களுக்கு ஒரு முறை, பிறகு மணிக்கணக்கில், பிறகு நாள்கணக்கில், வாரக்கணக்கில் அளக்கிறார்கள். கசிவு நின்றதும் கல்லை மூடிய ஆலையில் பொடியாக அரைத்து, உள்ளே ஒளிந்திருந்த மிச்சத்தையும் அளக்கிறார்கள்.

இவை இரண்டும் அளந்தவை. மூன்றாவது ஒன்று இருக்கிறது: கிணற்றிலிருந்து குடுவைக்கு வருவதற்குள் தொலைந்த வாயு. அதை யாரும் அளக்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். தொடக்கத்தில் வெளியேறும் வாயு, கழிந்த நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்ற விதியை வைத்துக் கோடு வரைந்து, அதைப் பின்னோக்கி நீட்டி, போன வாயுவைக் கணக்கிடுகிறார்கள். இந்த முறை எண்ணெய்க்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. நிலக்கரிச் சுரங்கங்களில் மீத்தேன் வெடித்துத் தொழிலாளர்கள் சாவதைத் தடுக்க, பிரான்சிலும் பிறகு அமெரிக்கச் சுரங்கத் துறையிலும் 1970-களில் உருவானது. நிலக்கரியில் வாயு கரியின் பரப்பில் ஒட்டியிருப்பதால் மெதுவாக வெளியேறும். ஊகம் ஓரளவு பொருந்தும். ஷேலில் ஒட்டியிருக்கும் வாயுவோடு, துளைகளில் சும்மா நிறைந்திருக்கும் வாயுவும் உண்டு. அதுதான் முதலில் ஓடிவிடும். ஆழம் கூடக் கூடத் தொலையும் பங்கு பெருகி, சில கிணறுகளில் அளந்ததைவிட ஊகித்ததே அதிகமாகிவிடும். அப்படி ஓர் அறிக்கை கையில் கிடைத்தால் முதலில் தேட வேண்டிய எண், மொத்தத்தில் ஊகத்தின் பங்கு எவ்வளவு என்பதுதான்.

கல் எவ்வளவு வாயு தரும் என்பதற்கு முன், அது வாயு தரக்கூடிய கல்தானா என்று பார்க்க வேண்டும். இதற்கு மிகச் சிறிய மாதிரி போதும். கல்லைப் பொடித்து, அமிலத்தில் கழுவிச் சுண்ணாம்புக் கரிமத்தை நீக்கி, மீதியை எரித்து வரும் கரியமில வாயுவை அளந்தால் உயிர்வழிக் கரிமம் எத்தனை சதவீதம் என்று தெரியும். 2 சதவீதத்துக்குக் கீழே என்றால் ஷேல் வாயுக்காரர்களுக்கு ஆர்வம் குறைந்துவிடும். அடுத்தது ராக்-ஈவால் என்ற கருவி. பிரெஞ்சுப் பெட்ரோலிய நிறுவனத்தில் எஸ்பிதாலியே குழுவினர் 1977-இல் அறிமுகப்படுத்தியது. ஏறத்தாழ 60 மில்லிகிராம் பொடியைக் காற்றில்லாமல் 300 டிகிரி செல்சியசில் வைத்தால், ஏற்கெனவே உருவாகியிருந்த எண்ணெயும் வாயுவும் ஆவியாகும். பிறகு நிமிடத்துக்கு 25 டிகிரி வீதம் 650 வரை ஏற்றினால் மீதிக் கெரோஜென் உடைந்து இன்னொரு முகடு எழும். அந்த முகடு எந்த வெப்பநிலையில் உச்சம் தொடுகிறது என்பது முக்கியம். 435 டிகிரிக்கு அருகில் என்றால் கல் எண்ணெய் தரும் பருவத்தில் நுழைந்திருக்கிறது. 470-ஐத் தாண்டினால் வாயுப் பருவம். பூமி கோடி ஆண்டுகளில் செய்ததைக் கருவி அரை மணியில் செய்து, பூமி எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறது என்று சொல்கிறது.

ஆனால் ஒரு முரண் உண்டு. நன்றாகப் பழுத்து வாயு தந்து முடித்த ஷேலில் உடைவதற்குக் கெரோஜென் மிச்சமே இருக்காது. இரண்டாவது முகடு தட்டையாகி, உச்ச வெப்பநிலை நம்பத்தகாததாகிவிடும். ஷேல் வாயுவுக்கு மிகவும் வேண்டிய கல்லில்தான் கருவி தடுமாறுகிறது. அங்கே நுண்ணோக்கி கைகொடுக்கும். மரத்துண்டுகளிலிருந்து வந்த விட்ரினைட் என்ற துகளை மெருகேற்றி, எண்ணெய்த் துளிக்கு அடியில் 546 நானோமீட்டர் பச்சை ஒளியைப் பாய்ச்சி, எத்தனை சதவீதம் திரும்பி வருகிறது என்று அளக்கிறார்கள். வெப்பம் பட்ட அளவுக்கு அது மினுமினுக்கும். ஏறக்குறைய 1.3 சதவீதத்தைத் தாண்டினால் வாயு. சற்றே மங்கிய துகளையும் மினுங்கும் துகளையும் பிரித்தறிந்து பல பத்துத் துகள்களை எண்ணும் அந்த வேலையில் கருவியைவிடப் பழகிய கண்தான் பெரிது. தாவரங்கள் நிலத்தில் பரவும் முன் படிந்த பாறைகளில் விட்ரினைட்டே கிடையாது. நூறு கோடி ஆண்டுக்கும் முற்பட்ட விந்தியப் படுகை ஷேலைச் சோதிக்கிறவர்கள் வேறு அளவுகோல்களைத் தேட வேண்டியிருக்கிறது.

இப்போது துளைகள். மணற்பாறையின் துளைகளை நல்ல பூதக்கண்ணாடியில் பார்க்கலாம். ஷேலில் துளை எங்கே இருக்கிறது என்பதே நீண்ட காலம் புதிராக இருந்தது. 2009-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் லௌக்ஸும் கூட்டாளிகளும், அந்த மாநிலத்தின் பார்னெட் ஷேலை ஆர்கான் அயனிக் கற்றையால் மழமழவென்று சீவி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தார்கள். கெரோஜென் துகள்களுக்குள்ளேயே சில நானோமீட்டர் முதல் சில நூறு நானோமீட்டர் வரை துளைகள் நிறைந்திருந்தன. வாயு பிறந்தபோது கெரோஜென் தானே துளைத்துக்கொண்ட அறைகள் அவை. மீத்தேன் மூலக்கூறின் அகலம் சுமார் 0.38 நானோமீட்டர். மிகச் சிறிய அறைகளில் மூலக்கூறுகள் நடுவில் மிதப்பதைவிடச் சுவரில் ஒட்டிக்கிடப்பதே அதிகம்.

ஒட்டுதலை அளக்கும் சூத்திரம் ஷேலுக்கு மிகவும் மூத்தது. மின்விளக்கு ஆய்வில் இருந்த இர்விங் லாங்மியூர் 1918-இல் தந்தது. பரப்பு வேதியியலுக்காக 1932-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடந்துபோகும் தொலைவில் இருக்கும் வேதியியல் தொழில்நுட்பக் கழகத்தில், பழைய யுடிசிடியில், வினையூக்கி படிக்கும் மாணவர்களுக்கு அந்தச் சூத்திரம் பாலபாடம். ஷேல் பொடியை அதன் இயற்கை வெப்பத்தில் வைத்து, மீத்தேனின் அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் எவ்வளவு ஒட்டிக்கொள்கிறது என்று வரைந்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். முதலில் வேகமாக ஏறி, இடம் நிரம்பியதும் படுத்துவிடும். இதிலும் ஒரு கண்ணி. பொடியை நன்றாக உலர்த்திவிட்டுச் சோதித்தால், பூமிக்குள் தண்ணீர் பிடித்திருந்த இடங்களிலும் மீத்தேன் போய் உட்கார்ந்துகொள்ளும், விடை பெருத்துவிடும். இன்னொன்றும் உண்டு. ஒட்டிய வாயுவும் இடம் அடைக்கும். துளை முழுவதும் சும்மா மிதக்கும் வாயுதான் என்று ஒரு கணக்கும், சுவரில் ஒட்டியது என்று இன்னொரு கணக்கும் போட்டுக் கூட்டினால் ஒரே இடத்தை இரண்டு முறை விற்ற கதையாகும். 2010-இல் ரே அம்ப்ரோஸ் குழுவினர் இதைச் சுட்டிக்காட்டித் திருத்தியபோது, மொத்த வாயு மதிப்பு 10 முதல் 25 சதவீதம் வரை குறைந்தது. அதுவரை உலகமெங்கும் வெளியான எண்களில் எத்தனை இந்த இரட்டைக் கணக்கைச் சுமந்திருந்தனவோ!

துளை இருந்தால் போதாது, வாயு நடக்க வழி வேண்டும். வழியின் அளவு டார்சி. தீஜோன் நகரின் குடிநீர் வடிகட்டிகளை ஆராய்ந்து 1856-இல் விதியை வெளியிட்ட ஹென்றி டார்சியின் பெயர். நல்ல மணற்பாறை 100 மில்லிடார்சி இருக்கும். 100 நானோடார்சி உள்ள ஷேல் அதைவிடப் பத்து லட்சம் மடங்கு மந்தம். முழுக் கோரில் இதை அளந்தால், மேலே கொண்டுவரும்போது விழுந்த கீறல்கள் வழியே வாயு ஓடி ஏமாற்றும். அதனால் 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க வாயு ஆராய்ச்சி நிறுவனத்துக்காக ஒரு முறை வகுக்கப்பட்டது: கல்லை ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய மணிகளாக உடைத்து, ஹீலியத்தைச் செலுத்தி, அழுத்தம் எவ்வளவு விரைவில் குறைகிறது என்று பார்ப்பது. கீறல் ஒழிந்தது. கூடவே, பாறையைப் பூமி அழுத்திப் பிடித்திருந்த நிலையும் ஒழிந்தது. ஒரே கல்லை வெவ்வேறு ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பினால் ஊடுருவுதிறன் நூறு மடங்குகூட வேறுபட்டு வருவது இந்தத் துறையில் எல்லாரும் அறிந்த சங்கடம். எந்த முறையில் அளந்தது என்று சொல்லாத ஊடுருவுதிறன் எண்ணுக்கு மதிப்பே கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

ஆய்வுக்கூடத் தவறு ஒரு தொழிலையே தாமதப்படுத்தியதும் உண்டு. டெக்சாசில் ஜார்ஜ் மிட்செலின் நிறுவனம் 1981-இல் பார்னெட் ஷேலில் முதல் கிணற்றைத் தோண்டியது. 1990-களின் தொடக்கத்தில் எடுத்த கோரில், சுவரில் ஒட்டிய வாயு குறைவாகவே மதிப்பிடப்பட்டது. அந்த எண் பல ஆண்டுகள் கேள்வியில்லாமல் புழங்கியது. செவ்ரானிலிருந்து வந்து சேர்ந்த கென்ட் பௌக்கர் என்ற நிலவியலாளர், அங்கே பார்த்த அளவீடுகள் வேறு மாதிரி இருந்ததை நினைவில் வைத்து, மீண்டும் சோதிக்க வேண்டும் என்றார். 1990-களின் இறுதியில் புதிய கோர் எடுத்துக் குடுவையில் அடைத்து அளந்தபோது, பாறையிலிருந்த வாயு பழைய மதிப்பைப் போலப் பல மடங்காக இருந்தது. நீரில் வழுக்குப் பொருள் கலந்து பாறையைப் பிளக்கும் புது முறையும் அதே காலத்தில் கைகூடியது. பிளக்கும் முறையைத்தான் உலகம் பேசுகிறது. அளவையைத் திருத்தியவர்களையும் பேச வேண்டும்.

இந்தியாவில் ஷேல் வாயுவின் தருணம் 2011 ஜனவரி 25 அன்று மேற்கு வங்கத்தில் வந்தது. துர்காபூருக்கு அருகே இச்சாபூரில், ஓஎன்ஜிசியின் ஆர்என்எஸ்ஜி-1 கிணற்றில், சுமார் 1,700 மீட்டர் ஆழத்திலிருந்த ஷேலிலிருந்து வாயு மேலே வந்தது. தாமோதர் படுகையில் கீழே பராக்கர், மேலே ராணிகஞ்ச் என்ற இரண்டு நிலக்கரி அடுக்குகளுக்கு நடுவே, கரி இல்லாததால் சுரங்கக்காரர்கள் ஒதுக்கிய பெர்மியன் காலத்து அடுக்கு அது. அதிலுள்ள கெரோஜெனில் மரம், இலை வழி வந்த மூன்றாம் வகை அதிகம். எண்ணெயைவிட வாயுவைத் தரும் வகை. பரவசப்பட்டுத் தலைப்புச் செய்தி எழுதியவர்கள் பலர். ஷேலில் வாயு இருக்கிறது, பிளந்தால் வரும் என்பது நிரூபணமானது உண்மை. எவ்வளவு, எத்தனை நாள், என்ன விலைக்கு என்பவற்றுக்கு ஒரு கிணற்றால் விடை சொல்ல முடியாது.

அந்தப் படுகையில் ஒரு கூடுதல் சிக்கலும் இருக்கிறது. ராணிகஞ்சிலும் ஜாரியாவிலும் எரிமலைக் குழம்பு செங்குத்துச் சுவர்களாகவும் படுக்கைப் பாளங்களாகவும் உள்ளே புகுந்திருக்கிறது. அதையொட்டிய ஷேல் வெந்து, கெரோஜென் கருகிவிட்டது. சுவருக்கு அருகே எடுத்த மாதிரியும் சற்றுத் தள்ளி எடுத்த மாதிரியும் இரண்டு வேறு படுகைகளைச் சேர்ந்தவை போலத் தோன்றும். தன்பாத்தின் மத்திய சுரங்க, எரிபொருள் ஆராய்ச்சி நிறுவனமும் பவாயிலுள்ள ஐஐடி மும்பையின் புவி அறிவியல் துறையும் இந்த ஷேல்களை ராக்-ஈவாலிலும் நைட்ரஜன் ஒட்டுதல் சோதனையிலும் வைத்து நிறைய எழுதியிருக்கின்றன. கரிமம் மிகுந்த கல்லை வழக்கமான எடையில் வைத்தால் கருவியின் உணரி திணறும், எடையைக் குறைக்க வேண்டும் என்பது போன்ற நுட்பங்கள் அந்த ஆய்வுகளில் இருக்கின்றன. செய்தித்தாளில் வராத, ஆனால் எந்தத் தலைப்புச் செய்தியையும்விட நாட்டுக்கு உதவுகிற வேலை.

குஜராத்தின் கதை சுருக்கமானது. 1960-இல் கண்டுபிடித்த அங்கலேஷ்வர் எண்ணெய் வயலின் மூலப்பாறையான காம்பே ஷேல் பல நூறு மீட்டர் தடிமன் கொண்டது; கரிமமும் உண்டு. 2013 அக்டோபரில் மத்திய அரசு ஷேல் கொள்கையை அறிவித்து, முதல் கட்டமாக ஓஎன்ஜிசிக்கு 50 வட்டாரங்களை ஒதுக்கியது. அவற்றில் 28 காம்பேயில். அதே ஆண்டு ஜம்புசர் பகுதியில் முதல் கிணறு தொடங்கியது. அங்கும் பிற படுகைகளிலும் கிணறுகள் தோண்டப்பட்டும், வணிக உற்பத்தி எங்கும் வரவில்லை. ஏன் என்பதை எக்ஸ்-கதிர்ச் சோதனை பெருமளவு விளக்கும்; கல்லில் எந்தக் கனிமம் எவ்வளவு என்று அது காட்டுகிறது. கல்லில் குவார்ட்சும் சுண்ணாம்பும் மிகுந்தால் அது கண்ணாடி போல் நொறுங்கும், பிளவு நிலைக்கும். களிமண் கனிமங்கள் மிகுந்தால் கல் வளைந்து கொடுக்கும். பிளவைத் திறந்து வைக்கத் திணிக்கும் மணல் கல்லுக்குள் புதைந்து, வழி மூடிக்கொள்ளும். தண்ணீர் பட்டால் வீங்கும் களிமண் என்றால் இன்னும் மோசம். பார்னெட் நொறுங்கும் வகை. நம் ஷேல்களில் பல களிமண் மிகுந்தவை. வாயு இருப்பதும் வாயு வருவதும் வேறு வேறு என்று அங்கே கனிமமே தீர்ப்பு எழுதிவிடுகிறது.

போலந்து இதே பாடத்தைக் கூடுதல் விலை கொடுத்துக் கற்றது. 2011-இல் அமெரிக்க மதிப்பீடு அந்த நாட்டுக்கு 187 லட்சம் கோடி கன அடி என்றது. ரஷ்யாவை நம்பியிருந்த மக்களுக்கு அது விடுதலைச் செய்தி. 2012 மார்ச்சில் போலந்து நிலவியல் நிறுவனம், 1950 முதல் 1990 வரை தோண்டிய 39 பழைய கிணறுகளின் தரவுகளை வைத்துக் கணக்கிட்டு, மிகவும் சாத்தியமானது 34,600 கோடி முதல் 76,800 கோடி கன மீட்டர் வரை என்றது. முந்தையதில் அதிகபட்சம் ஏறத்தாழ ஏழில் ஒன்று. சில ஆண்டுகளில் எக்ஸான், செவ்ரான், கொனோகோஃபிலிப்ஸ் எல்லாம் வெளியேறின. பழைய கிணறுகளின் தகவலைப் பத்திரமாக வைத்திருந்த ஒரு நிறுவனம், புதிய கிணறுகள் தோண்டி முடிக்கும் முன்பே உண்மைக்கு நெருங்கிவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். 2013-இல் ஓஎன்ஜிசிக்கு ஒதுக்கிய அந்த 50 வட்டாரங்களில் 9 காவிரிப் படுகையில் இருந்தன. 2013-இன் அமெரிக்க மதிப்பீட்டில் காவிரிக்கு எழுதப்பட்டது: பாறைக்குள் 30 லட்சம் கோடி கன அடி, எடுக்கக்கூடியது 5. அதில் சொல்லப்பட்ட கல், கிரெட்டேசியஸ் காலத்து ஆண்டிமடம், சட்டபாடி அடுக்குகளின் ஷேல். அரியலூர் மாவட்டத்து ஆண்டிமடத்தின் பெயரால் அறியப்படும் அடுக்கு, தஞ்சை, நாகை, திருவாரூர் வயல்களுக்கு அடியில் ஆழத்தில் கிடக்கிறது. டெல்டாவில் எழுந்த எதிர்ப்பு உலகறிந்தது. 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது; தடை செய்யப்பட்ட தொழில்களில் ஷேல் வாயுவும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. அந்தத் தடை சரியானது என்றே நினைக்கிறேன். ஒரு கிணற்றைப் பிளக்கக் கோடிக்கணக்கான லிட்டர் தண்ணீர் வேண்டும். மேட்டூர் திறக்குமா என்று ஆண்டுதோறும் காத்திருக்கும் மண் அது. நிலத்தடி நீரின் தரத்தைப் பற்றிக் கோர் சோதனை எதுவும் சொல்லாது.

ஆனாலும் அந்த 5 லட்சம் கோடி என்ற எண் இன்னும் உலவுகிறது. ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் அதையே மேற்கோள் காட்டுகிறார்கள். காவிரிப் படுகையில் பல பத்தாண்டுகளாகத் தோண்டிய கிணறுகளின் கோர்களும் துளைத் தூள்களும் ஓஎன்ஜிசியின் கிடங்குகளில் இருக்கின்றன. டேராடூனில் கேசவ தேவ மாளவியா பெயரிலுள்ள அதன் ஆய்வு நிறுவனம் இத்தகைய சோதனைகளில் தேர்ந்தது. 2017-இல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் தரவுக் களஞ்சியமோ முக்கியமாக ஏலம் கேட்கும் நிறுவனங்களை மனத்தில் கொண்டது. டெக்சாசில் பொருளாதார நிலவியல் பணியகத்தின் ஆஸ்டின் கிடங்கில், மாணவர் ஒருவர் விண்ணப்பித்தால் கோர் பெட்டியை மேசைமேல் விரித்துப் பார்க்கலாம். சட்டப்படி இனி தோண்ட முடியாத டெல்டாவின் பாறையில் மறைக்க வணிக ரகசியமும் இல்லை. ஆண்டிமடம் ஷேலின் கரிம சதவீதம், விட்ரினைட் ஒளிதிருப்பம், களிமண் பங்கு, கிலோவுக்கு எத்தனை லிட்டர், அதில் எவ்வளவு ஊகம் ஆகியவற்றை, அளந்த முறையோடு சேர்த்துத் தமிழில் ஒரு பக்கமாக அச்சிட்டு, திருவாரூர் மாவட்ட ஊராட்சி அலுவலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்கிறேன். அதற்குப் புதிதாக ஒரு கிணறுகூடத் தோண்ட வேண்டியதில்லை.